அகளி மலைச்சரிவில் அசை நிற்கும் கால்நடைகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கோயம்புத்தூரை அடுத்துள்ள மலைப்பகுதி அட்டப்பாடி. சுமார் 745 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்நிலத்தில் அகளி, புதூர், சோலையூர் என மூன்று ஊராட்சிகள் உள்ளன. மேற்கே அமைதிப் பள்ளத்தாக்கின் மழைக்காடு. கிழக்கே ஆனைகட்டிப் பக்கம் மழை மறைவான வறண்ட சரிவுகள். இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்கள் இங்கு நெடுங்காலமாக வாழ்கின்றனர். 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பழங்குடியினராக இருந்தனர். 2011இல் அவர்கள் பாதிக்கும் குறைவு. குடியேற்றம் பெருகியபோது விளைநிலம் மட்டும் கைமாறவில்லை, மேய்ச்சல் நிலமும் சுருங்கியது. கால்நடையின் வயிற்றைப் பற்றிய இக்கட்டுரை நிலத்தின் கதையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இதுவே.

கால்நடை நோய் என்றவுடன் கோமாரியும் அடைப்பானும் நினைவுக்கு வருகின்றன. இவற்றுக்குத் தடுப்பூசி உண்டு, இயக்கம் உண்டு, புள்ளிவிவரமும் உண்டு. ஆனால் ‘தீனி எடுக்கவில்லை, அசை போடவில்லை’ என்று உரிமையாளர் சொல்லும் நோய்க்குத் தனியான திட்டம் எதுவும் இல்லை. கோப்புகளில் அது ‘செரியாமை’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. கடன் திட்டக் கோப்புகளைப் பல்லாண்டு பார்த்துப் பழகியவன் என்ற முறையில், அந்த ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு நோய்கள் பல மறைந்துள்ளன என்பதை நான் காலம் கடந்தே அறிந்தேன்.

மாட்டிற்கும் ஆட்டிற்கும் இரைப்பை நான்கு அறைகளாக அமைந்துள்ளது. அவற்றுள் மிகப் பெரியது அசையூண் வயிறு. நலமான மாட்டில் இது நிமிடத்திற்கு ஒன்று அல்லது இரண்டு முறை அலைபோல் சுருங்கி விரியும். இடப்புற விலாவுக்குப் பின்னுள்ள குழியில் முட்டியை அழுத்தி வைத்துச் சில நிமிடங்கள் பொறுத்திருந்தால், அந்த அலை கையை மேலே தள்ளுவதை யாரும் உணரலாம். உண்ட தீனியைக் கலப்பதும், அசைபோட மேலே அனுப்புவதும், நொதித்தலில் உண்டாகும் வாயுவை ஏப்பமாக வெளியேற்றுவதும் இந்த அசைவே ஆகும்.

குடல் வழி நின்றுபோவதற்கு இருவகைக் காரணங்கள் உண்டு. ஒன்று, உண்மையான அடைப்பு: விழுங்கிய நெகிழிப் பை, கயிறு, குடல் முறுக்கு போன்றவை. மற்றொன்றில் வழி திறந்தே இருக்கும். தள்ளும் வேலைதான் நின்றிருக்கும். இது செயல்நிலை அடைப்பு எனப்படும். குடலின் சுவரில் அதற்கென்றே ஒரு நரம்பு வலை உண்டு. ஆகவே மூளையின் கட்டளை குறைந்தாலும் குடல் ஓரளவு தானே இயங்கும். அசையூண் வயிற்றுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. அதன் ஒழுங்கான அலைகள் மூளையின் அடிப்பகுதியிலிருந்து வேகஸ் நரம்பு கொண்டுவரும் ஆணையையே முற்றிலும் சார்ந்துள்ளன. மாடுகளில் இந்நரம்பின் கிளைகளைத் துண்டித்து, அதன் விளைவுகளை 1940இல் விவரித்தவர் சுவீடனைச் சேர்ந்த ஹோஃப்லுண்ட். விழுங்கிய கம்பி வயிற்றைத் துளைத்து, அழற்சி பரவி, இந்நரம்பு கெடும்போது வரும் நெடுநாள் உப்புசம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கன்று ஈன்ற பசுவுக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்தாலும் அசைவு நிற்கும். ஊமத்தையின் நஞ்சும் குடலுக்குச் செல்லும் நரம்புச் செய்தியை மறித்துவிடும்.

அயல்நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கிழக்குப் பகுதியில், மேய்ச்சலில் இருந்த குதிரைகளின் குடல் திடீரென நின்றுபோகும் ஒரு நோய் தோன்றியது. குடலின் நரம்பு அணுக்கள் சிதைவதே நோயின் இயல்பு என்று கண்டறியப்பட்டுள்ளது; ஆனால் அச்சிதைவை எது தூண்டுகிறது என்பதில் இன்னும் கருத்து ஒற்றுமை ஏற்படவில்லை.

அட்டப்பாடியின் வறண்ட சரிவுகளுக்கு வருவோம். இங்கும் நீலகிரியின் அடிவாரமெங்கும் பரவியுள்ள உண்ணிச்செடி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. தோட்ட வேலியாக வந்தது காட்டை வளைத்துக்கொண்டது. புல் இருக்கும் காலத்தில் மாடு அதைத் தொடாது. கோடையில் வேறு பசுமை இல்லாதபோதும், வெளியூரிலிருந்து புதிதாக வந்த மாடு செடியறியாமல் மேயும்போதும் துன்பம் நேர்கிறது.

இலையிலுள்ள லாண்டடீன் என்னும் நஞ்சு கல்லீரலைத் தாக்கிப் பித்தநீர் ஓட்டத்தை நிறுத்துகிறது. புண்பட்ட கல்லீரலிலிருந்து நரம்பு வழியாகச் செல்லும் ஓர் எதிர்வினை அசையூண் வயிற்றின் அலையை அடக்கிவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் செம்மறியாடுகளிடம் நடந்த ஆய்வுகள் 1980களில் இதை விளக்கின. இமாசலத்தில் பாலம்பூரிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையமும் இந்நஞ்சைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்துள்ளது. கேட்டின் உச்சம் இங்கேதான் இருக்கிறது. வயிறு நின்றதால் தின்ற இலை உள்ளேயே தங்குகிறது. தங்கிய இலையிலிருந்து நஞ்சு நாள்தோறும் ஊறுகிறது. அதனால் கல்லீரல் மேலும் கெடுகிறது. வயிறு மேலும் உறங்குகிறது. ஒருநாள் மேய்ச்சலுக்கு மாடு இரண்டு மூன்று வாரம் வாடி மடிவதன் காரணம் இச்சுழலே.

குறிகள் தெளிவானவை. முதல்நாளே தீனியை வெறுக்கும், மலம் இறுகும். ஓரிரு நாளில் கண்வெள்ளை மஞ்சளிக்கும். வெயில் பட்ட இடத்தில், மூக்கு, காது போன்ற வெளுத்த தோலில், வீக்கமும் புண்ணும் தோன்றும். பித்தநீரோடு வெளியேற வேண்டிய பச்சையச் சிதைவுப்பொருள் இரத்தத்தில் தங்கி, ஒளியில் தோலைச் சுடுவதே இதற்குக் காரணம். இப்பகுதிக்கே உரிய அட்டப்பாடிக் கறுப்பு ஆட்டிடம் தோல் குறியை நம்பியிருக்கலாகாது. கறுத்த தோல் வெயிலைத் தாங்கிக்கொள்ளும், கல்லீரலோ உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். அதன் கண்ணிமையை விலக்கித்தான் பார்க்கவேண்டும்.

இஞ்சி, மிளகு, பெருங்காயம் அரைத்து மூங்கில் குழாயில் புகட்டுவது வழக்கம். சாதாரண மந்தத்திற்கு அது ஓரளவு துணை செய்யலாம். உண்ணிச்செடி நஞ்சில் நரம்பின் தடையை அது நீக்காது. சோர்ந்த மாட்டிற்கு வலிந்து புகட்டினால் மருந்து நுரையீரலில் இறங்கும் அபாயமும் உண்டு. ஆய்வுகளில் பயன் தந்தது, தூளாக்கிய மருத்துவக் கரியைத் தண்ணீரில் கரைத்து மருத்துவர் குழாய் வழியே செலுத்துவதாகும். பெரிய மாட்டிற்கு இரண்டரைக் கிலோ வரை தேவைப்படும். கரி நஞ்சைப் பற்றிக்கொள்ளச் சுழல் அறுபடுகிறது. உடன் நீர்ச்சத்தும் நிழலும் வேண்டும். பென்டோனைட் களிமண் விலை குறைந்த மாற்று. ஆனால் குணம் சற்றுத் தாமதமாகவே தெரியும்.

இதில் பொருளாதாரம் எங்கே என்று வாசகர் கேட்கலாம். 1978-79இல் தொடங்கி 1999 வரை நடந்த ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு அளிக்கப்பட்ட சொத்துகளில் கறவை மாடு முதன்மையான இடம் பெற்றது. கடன் கணக்கில் மாட்டின் விலை, பால், தீவனம் ஆகியவை எழுதப்பட்டன. மேயும் சரிவில் எந்தச் செடி உள்ளது என்பதற்குக் கட்டமே இல்லை. சமவெளியிலிருந்து வாங்கிய கலப்பினப் பசு மலைச்சரிவில் முதல் கோடையைக் காணும்போது, நான் மேலே சொன்ன இரண்டு சூழ்நிலைகளும் ஒருசேரக் கூடுகின்றன. பசு இறந்தால் காப்பீடு ஓரளவு ஈடு செய்யும். பசு பிழைத்துப் பால் வற்றினால் ஈடு இல்லை, தவணை மட்டும் நிற்காது. மாடுகள் வாங்கும் குழு புதிய பசுவை முதல் சில வாரங்கள் கட்டிப்போட்டு வளர்க்கத் தீவனப்படி ஒதுக்கினாலே இழப்பில் பெரும்பகுதி தவிர்க்கப்படும் என்பது என் கருத்து.

தற்போது ‘1962’ என்னும் தொலைபேசி எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும் வசதி கேரளத்திலும் வந்துள்ளது. ஆனால் இரண்டரைக் கிலோ கரி என்பது ஒரு சிறு மருந்துப் பெட்டியில் அடங்கும் பொருளன்று. கோடைக்கு முன்பே பால் கூட்டுறவுச் சங்கத்திலோ மருந்தகத்திலோ அதை இருப்பு வைத்தால்தான் முதல் இரண்டு நாட்களுக்குள் கிடைக்கும்.

செடியை அகற்றுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. அரிவாளால் மேலே வெட்டினால் அது முன்னிலும் அடர்ந்து தழைக்கும். தரைக்குச் சற்றுக் கீழே வேர்த்தலையோடு வெட்டித் தலைகீழாகக் கிடத்த வேண்டும். கர்நாடகத்தின் மாதேசுவரன் மலையில் சோளகர் இக்குச்சிகளை வேகவைத்து, தோலுரித்து, நாற்காலியும் மேசையும் செய்கின்றனர். அகளியில் வெட்டிய இடத்தில் அதே மழைக்காலத்தில் புல் விதைக்காவிட்டால், பறவைகள் எச்சமிட்டுப் போகும் விதைகளிலிருந்து மறு ஆண்டே உண்ணிச்செடி மீண்டும் தலைகாட்டும்.