டப்பா எங்கே?

பூச்சிமருந்து குடித்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் உறவுக்காரர்களிடம், ஜிப்மரானாலும் சரி, முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியானாலும் சரி, டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: “டப்பா எங்கே?” விவரம் தெரிந்தவர்கள் மஞ்சப்பையில் அதையும் போட்டு எடுத்து வந்திருப்பார்கள். முக்கோணம் சிவப்பா மஞ்சளா, உள்ளே இருந்தது மோனோகுரோட்டோபாஸா குளோர்பைரிபாஸா என்பதை டப்பா சொல்லிவிடும். டப்பா வராத நோயாளியின் உடம்பில் தெரியும் அடையாளங்களை வைத்துத்தான் டாக்டர் ஊகிக்க வேண்டும்.

இந்த மருந்துகள் உடம்பில் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தசையைச் சுருங்கச் சொல்லி நரம்பு அனுப்பும் தகவலை அசிட்டைல்கோலின் என்ற பொருள் கொண்டுபோகிறது. தகவல் சேர்ந்ததும் அதைத் துடைத்துப்போட ஒரு நொதி இருக்கிறது. பூச்சிமருந்து அந்த நொதியை முடக்கிவிடும். தகவல் ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கும், வாயில் நுரை தள்ளும், தசை துடிக்கும், கடைசியில் மூச்சு அடங்கும். அட்ரோபின் ஊசியை அடுத்தடுத்துப் போட்டு மீட்கிறார்கள். சாரின் என்ற போர் விஷவாயுவும் இதே குடும்பம்தான். 1938-ல் ஜெர்மனியில் வீரியமான பூச்சிமருந்தைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் கையில்தான் அது பிறந்தது.

எங்கள் பக்கத்து வயல்காட்டுக்கும் பாலைவனப் போர்க்களத்துக்கும் இப்படி ஓர் உறவு இருப்பது எனக்கு வெகுநாள் தெரியாது. தெரிந்த நாளிலிருந்து ஒரு கேள்வி விடவில்லை. வயலில் விழுந்தவனுக்காவது டப்பா கிடைக்கிறது. போருக்குப் போய்த் திரும்பி, ஐந்தாறு வருடம் கழித்துக் காரணம் தெரியாமல் படுத்துக்கொள்கிற சிப்பாய்க்கு அதை யார் எடுத்துக் கொடுப்பது?

புதுச்சேரிக்காரர்களுக்குச் சிப்பாய் வீடு புதிதல்ல. இங்கே பழைய சிப்பாய்களில் இரண்டு வகை. இந்தியப் படையில் இருந்து வந்தவர் ‘மிலிட்டரிக்காரர்’. பிரெஞ்சுப் படையில் இருந்து வந்தவர் ‘சொல்தா’. 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைப்பு முடிந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொண்ட ஆயிரக்கணக்கானவர்களில் சொல்தா குடும்பங்கள் நிறைய. இந்தோசீனா, அல்ஜீரியா என்று அவர்கள் போய்வந்த ஊர்களின் பெயர்கள் இங்கே தாத்தா பேரன் பேச்சில் சாதாரணமாக வரும். கடற்கரைச் சாலையில் 1938-ல் திறக்கப்பட்ட போர் நினைவிடத்தில் இன்றும் ஜூலை 14-க்கு மலர்வளையம் வைக்கிறார்கள். அது செத்தவர்களுக்கு. திரும்பி வந்து, கை நடுங்கி, பெயர்கள் மறந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் காலம் கழித்தவர்களுக்கு நினைவிடம் எதுவும் இல்லை. “குடிச்சே கெட்டான்”, “மிலிட்டரிக்காரனுக்கு உட்கார்ந்து தின்னப் பழகிப்போச்சு” என்று தெரு ஒரு தீர்ப்பு சொல்லி முடித்துவிடும். நானும் சிறுவயதில் அப்படிச் சிரித்தவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். இன்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

இந்தியச் சிப்பாயின் உடம்பில் ரசாயனத்தை வேண்டுமென்றே வைத்துப் பார்த்த கதை ஒன்று உண்டு. நம்மில் பலர் கேள்விப்படாதது. இடம் ராவல்பிண்டி. இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் ரசாயனப் போர் ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிகள் 1930-களின் தொடக்கத்திலிருந்து பத்து வருடங்களுக்கும் மேலாக அங்கே சோதனை நடத்தினார்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையின் நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கடுகு வாயுவுக்கு ஆட்படுத்தினார்கள். வெள்ளைத் தோலைவிடப் பழுப்புத் தோல் அதிகம் வெந்துபோகிறதா, போர்க்களத்தில் எவ்வளவு வாயு தேவைப்படும் என்று தெரிந்துகொள்வதே நோக்கம். அரைக்கால் சட்டையும் பருத்திச் சட்டையும் போட்ட சிப்பாய்களை வாயு அறைக்குள் அனுப்பினார்கள். கடுகு வாயு பட்டவுடன் வலிக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் கொப்புளம் எழும்பும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு வெந்துபோனவர்கள் உண்டு. லண்டன் ஆவணக் காப்பகத்தில் கிடந்த தாள்களை வைத்து ‘கார்டியன்’ நாளிதழ் 2007 செப்டம்பரில் இதை வெளியே கொண்டுவந்தது.

அந்தத் தாள்களில் தோலின் கணக்கு இருக்கிறது. வாயுவின் அளவு இருக்கிறது. அதன்பிறகு அந்த ஆட்கள் என்ன ஆனார்கள் என்பது மட்டும் இல்லை. கடுகு வாயு புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று இன்று தெரியும். நுரையீரலிலும் கண்ணிலும் வெகுகாலம் கழித்துக்கூட அது வேலையைக் காட்டும். ராவல்பிண்டியில் அறைக்குள் போய் வந்தவர்களின் உடல்நிலையைப் பிற்பாடு யாரும் தொடர்ந்து பார்க்கவில்லை. எங்கோ ஒரு கிராமத்தில் ஒருவர் ஐம்பது வயதில் இருமி இருமிச் செத்திருந்தால், வீட்டார் அதைக் காசநோய் என்றோ பீடிப் புகை என்றோ நினைத்திருப்பார்கள். போர்ட்டன் டவுனிலேயே சோதனைக்கு ஆளான பிரிட்டிஷ் சிப்பாய்களில் 360 பேர் வழக்காடி, 2008-ல் 30 லட்சம் பவுண்டு பெற்றார்கள். தவறை ஒப்புக்கொள்ளாமலேதான் அரசு அதைக் கொடுத்தது. ஆனாலும் அவர்களுக்குச் சங்கம் இருந்தது, வக்கீல் இருந்தார், எந்தத் தேதியில் எந்த அறைக்குள் போனோம் என்று சொல்ல உயிரோடு ஆட்கள் இருந்தார்கள்.

‘காரணம் தெரியாத நோய்’ என்ற சொல் உலகம் முழுக்கப் பரவியது 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு. அமெரிக்கா மட்டும் அந்தப் போருக்குச் சுமார் 6,97,000 பேரை அனுப்பியது. போய் வந்தவர்களில் பலருக்கு ஓயாத அசதி, தலைவலி, மூட்டுவலி, வயிற்றுக் கோளாறு, தோலில் தடிப்பு, தூக்கமின்மை, ஞாபகமறதி. ரத்தப் பரிசோதனை செய்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஸ்கேனும் சரியாக இருக்கும். போனவர் மட்டும் பழைய ஆளாக இருக்கமாட்டார். 1996 டிசம்பரில் அமெரிக்க அதிபர் அமைத்த ஆலோசனைக் குழு, மன அழுத்தத்துக்கு இதில் முக்கியப் பங்கு இருக்கலாம் என்று எழுதியது.

அதே வருடம் ஜூன் மாதத்தில்தான் இன்னொரு செய்தி வெளிவந்திருந்தது. போர் முடிந்த கையோடு, 1991 மார்ச்சில், ஈராக்கின் காமிசியா என்ற இடத்து ஆயுதக் கிடங்கை அமெரிக்கப் பொறியியல் படையினர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதில் சாரின் நிரப்பிய ராக்கெட்டுகள் இருந்ததைப் பாதுகாப்புத் துறை ஒப்புக்கொள்ள ஐந்து வருடம் ஆனது. மறுவருடம் சுமார் 1 லட்சம் பேருக்கு, ‘உங்கள் மீதும் பட்டிருக்கலாம்’ என்று கடிதம் போனது. ஐந்து வருடம் “எனக்கு என்னவோ செய்கிறது” என்று சொல்லிக்கொண்டிருந்தவர் கையில் அந்தக் கடிதம் கிடைத்தபோது எப்படி இருந்திருக்கும்!

சாரின் மட்டும் என்றால் கதை எளிது. சிப்பாய்கள் அந்தப் போரில் ஒரு மாத்திரையும் விழுங்கினார்கள். பிரிடோஸ்டிக்மின் புரோமைடு, 30 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. எதிரி சோமன் வாயுவை வீசினால் தாங்க வேண்டும் என்பதற்கான முன்காப்பு. இதுவும் மேலே சொன்ன அதே நொதியைத்தான் பிடித்துவைக்கிறது, தற்காலிகமாக. இந்த உபயோகத்துக்கு முறையான அங்கீகாரம் இல்லாத அந்த மாத்திரையைச் சிப்பாயின் சம்மதம் கேட்காமலே கொடுக்கலாம் என்று 1990 டிசம்பரில் விதி தளர்த்தப்பட்டது. போதாததற்குக் கூடாரங்களில் கொசுவுக்கும் ஈக்கும் பூச்சிமருந்து தெளித்தார்கள். ஒரே நொதியின் மேல் மூன்று பக்கத்திலிருந்தும் கை வைத்தால் என்ன ஆகும் என்று சேர்த்துப் பார்த்தவர் அப்போது இல்லை. 2008 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்ற ஆணைப்படி அமைந்த ஆய்வுக் குழு, போய் வந்தவர்களில் குறைந்தது நால்வரில் ஒருவருக்கு இந்த நோய் நிஜமாகவே இருக்கிறது என்றும், மாத்திரையும் பூச்சிமருந்தும் அதற்குக் காரணம் என்றும் அறிக்கை கொடுத்தது.

ஒரே கூடாரத்தில் படுத்த இருவரில் ஒருவர் படுத்த படுக்கையாக, இன்னொருவர் மாரத்தான் ஓடுகிறாரே என்று கேட்டவர்களுக்கு 2022-ல் ஒரு பதில் வந்தது. டெக்சாஸ் மருத்துவர் ராபர்ட் ஹேலியும் குழுவினரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் சிப்பாய்களின் மரபணுவைப் பார்த்தார்கள். ரத்தத்தில் சாரினைச் சிதைக்கும் ஒரு நொதியை ‘பான்-1’ என்ற மரபணு உண்டாக்குகிறது. அதில் கியூ வகை சாரினை வேகமாக உடைக்கும், ஆர் வகை மந்தம். தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் ஆர் வகை வாங்கியவர், வாயு எச்சரிக்கை மணி ஒலித்த இடத்தில் இருந்திருந்தால், நோயில் விழும் வாய்ப்பு மிக அதிகமாக இருந்தது. “அவன் நல்லாத்தானே இருக்கான், உனக்கு மட்டும் என்ன?” என்று கேட்டவர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய ஆய்வு இது.

பிரெஞ்சுப் படையும் ‘தாகே’ என்ற பெயரில் அந்தப் போருக்குப் போனது. எங்கள் சிப்பாய்களுக்கு இப்படி நோயே இல்லை என்று பாரீஸ் வெகுநாள் சொல்லிவந்தது. 2000-ல் பாதிக்கப்பட்டவர்கள் ‘அவிகோல்ஃப்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த வருடம்தான், முதலில் மறுத்துவந்த பிரிடோஸ்டிக்மின் மாத்திரையைத் தங்கள் சிப்பாய்களும் விழுங்கியதைப் பாதுகாப்பு அமைச்சகம் ஒத்துக்கொண்டது. பாரீஸுக்கு இந்தத் தாமதம் புதிதல்ல. சகாரா பாலைவனத்தில் பிரான்ஸ் 1960 பிப்ரவரி 13-ல் தன் முதல் அணுகுண்டை வெடித்தது. அதில் கதிர்வீச்சுப் பட்டவர்களுக்கு நிவாரணச் சட்டம் வந்தது 2010-ல். ஐம்பது வருடம் அதற்காகக் காத்திருந்தவர்களில் எத்தனை பேர் மிச்சமிருப்பார்கள்?

இதிலெல்லாம் எனக்கு உறைப்பது ஒரு விஷயம்தான். சிப்பாய் எந்த அறைக்குள் போனார், எதை விழுங்கினார், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்ற தாள்கள் எல்லாம் கொடுத்தவரிடம் இருக்கின்றன. நிரூபி என்று கேட்பதோ வாங்கியவரிடம். இது அநியாயம். அமெரிக்கா இதைத் தாமதமாகவாவது உணர்ந்தது. வியட்நாமில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லி விஷயத்தில், அங்கே பணியாற்றியவருக்கு இன்ன நோய் வந்தால் பணியால் வந்ததென்றே எடுத்துக்கொள்ளலாம் என்ற சட்டம் 1991 பிப்ரவரி 6-ல் கையெழுத்தானது. வளைகுடாவில் அப்போது குண்டு விழுந்துகொண்டிருந்தது. 1994-ல் வளைகுடாச் சிப்பாய்களின் ‘பெயரிடப்படாத நோய்’க்கும் உதவித்தொகை உண்டு என்றானது.

நம் நாட்டிலும் இதே நியாயத்தை உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 1985-ல் சிக்னல் படையில் சேர்ந்த தரம்வீர் சிங் என்ற சிப்பாயை வலிப்பு நோய்க்காக 1994-ல் வீட்டுக்கு அனுப்பினார்கள். நோய் பணியால் வந்ததல்ல என்று ஊனமுற்றோர் பென்ஷனையும் மறுத்துவிட்டார்கள். 2013 ஜூலை 2-ல் வந்த தீர்ப்பு இது: சேரும்போது செய்த மருத்துவப் பரிசோதனையில் நோய் இருப்பதாக எழுதப்படவில்லை என்றால், பின்னால் வந்த நோய் பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும். இல்லையென்று நிரூபிப்பது படையின் பொறுப்பு, ஆமென்று நிரூபிப்பது சிப்பாயின் பொறுப்பு அல்ல. இந்தத் தீர்ப்பைக் காட்டிப் பென்ஷன் வாங்கியவர்கள் ஏராளம். 2023 செப்டம்பரில் வந்த புதிய விதிகள் இந்த வாசலைக் குறுக்குகின்றன என்று முன்னாள் படையினர் சங்கங்கள் கவலை தெரிவித்தன. அவர்கள் கவலை எனக்கு நியாயமாகவே படுகிறது.

இவ்வளவையும் புதுச்சேரியின் காலாப்பட்டில் உட்கார்ந்து எழுத ஒரு காரணம் உண்டு. பல்கலைக்கழகத்தையும் மத்தியச் சிறையையும் தாண்டி ஈ.சி.ஆர். சாலையில் வருபவர்களுக்கு இங்கே ஒரு மருந்து மூலப்பொருள் தொழிற்சாலை இருப்பது தெரியும். காற்று திரும்பும் ராத்திரிகளில் வரும் வாடையைப் பற்றியும், நிலத்தடித் தண்ணீரைப் பற்றியும் ஊர்மக்கள் வருடக்கணக்காகப் புகார் சொல்லி வருகிறார்கள், போராடியும் இருக்கிறார்கள். 2023 நவம்பர் 4 இரவு அங்கே வெடித்துத் தீப்பிடித்தது. பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெந்துபோனார்கள். உயிர்ச்சேதமும் ஆனது. தீக்காயம் எல்லோர் கண்ணிலும் பட்டது. கண்ணில் படாதது, ஐந்து வருடம், பத்து வருடம் டிரம்மைத் திறந்து மூடியவர்களின் நரம்பும் ஈரலும். ஷிப்டுக்கு வருபவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிறைய. வேலை முடிந்தால் ஊருக்குப் போய்விடுவார்கள். ராவல்பிண்டி சிப்பாய் ஊருக்குப் போனதைப் போலத்தான்.

போபாலுக்குப் பிறகு, 1987-ல், தொழிற்சாலைச் சட்டத்தில் 41-சி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஆபத்தான ரசாயனம் புழங்கும் ஆலையில் ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவையும் நிர்வாகம் வைத்திருக்க வேண்டும். தொழிலாளி கேட்டால் காட்ட வேண்டும். அந்த வேலையில் அமர்த்தும் முன்பும், வேலையில் இருக்கும்போதும், அதை விட்ட பிறகும் பரிசோதனை செய்ய வேண்டும். பழைய சட்டங்களைத் தொகுத்த 2020-ம் வருடச் சட்டத்திலும் நிர்வாகத்தின் இந்தக் கடமை தொடர்கிறது. கேட்டு வாங்குபவர்கள்தான் குறைவு.

மிலிட்டரிக்காரர் வீட்டில் டிஸ்சார்ஜ் புக்கைப் பீரோவில் பூட்டி வைத்திருப்பார்கள். ஆலை வேலைக்குப் போகும் தம்பிமார்கள் கணக்கு முடிக்கும் நாளில் சம்பளப் பாக்கியோடு அந்த மருத்துவப் பதிவின் நகலையும் தேதி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரைக்கும், எந்தக் கட்டடம், எந்த ரியாக்டர், டிரம்மின் மேல் என்ன பெயர் ஒட்டியிருந்தது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் அன்றன்றைக்கு எழுதி வீட்டில் வையுங்கள்.