வழுக்காத மாடிப்படி

மன்னார்த் தீவின் பழைய வீடுகளில் பெரும்பாலும் வாசலில் இரண்டு மூன்று படிகள்தான் இருக்கும். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, கற்பிட்டியிலும் புத்தளத்திலும் ஓலைக் கொட்டில்களில் காலம் கழித்த குடும்பங்கள், 2009க்குப் பின் எருக்கலம்பிட்டிக்கும் தாராபுரத்துக்கும் முசலிக்கும் திரும்பியபோது குடும்பம் பெருகியிருந்தது, வளவு பெருகவில்லை. கீழே உம்மா, வாப்பா. மேலே மகளும் மருமகனும் என்று சில வீடுகள் உயர்ந்தன. மாடியோடு படிக்கட்டும், படிக்கட்டில் பளபளக்கும் டைல்ஸும் வந்து சேர்ந்தன.

பார்க்க அழகுதான். ஆனால் ஸுபஹுக்கு வுழூச் செய்துவிட்டு ஈரக்காலோடு இறங்கும் வயதான தாயையும், இடுப்பில் குழந்தையும் கையில் துணி வாளியுமாக ஏறும் மகளையும் நினைத்துப் பாருங்கள். வயதான காலத்தில் இடுப்பெலும்பு முறிந்தால், பிறகு முன்போல நடமாட முடியாமல் போகிறவர்கள் பலர். நம் தீவில் ஈரத்தோடு மணலும் சேர்கிறது. வைகாசி தொடங்கி வீசும் தென்மேல் காற்றுத்தான் 2020இல் திறக்கப்பட்ட தம்பபவனியின் முப்பது காற்றாலைகளையும் சுழற்றுகிறது; அதே காற்றுத்தான் நம் படியிலும் மணலைத் தூவிவிட்டுப் போகிறது. வழவழப்பான டைல்ஸில் நுண்மணல் கிடந்தால் காலுக்குக் கீழே குண்டுமணி உருண்ட கதைதான்.

இதற்கு மலிவான மருந்து இறப்பர் விரிப்பு. 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் முதன்முதலாக நடப்பட்ட மரம் இன்று களுத்துறை, கேகாலைப் பக்கமெல்லாம் பரந்திருக்கிறது. நம் நாட்டுச் சரக்கு. வாங்கும்போது நிறத்தையும் பூவையும் மட்டும் பார்க்காதீர்கள். கால் வழுக்குவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். அதுவும் படியின் முன்விளிம்பில்தான். விளிம்புக்கு இரண்டு அங்குலம் உள்ளே நின்றுவிடும் விரிப்பு, காசைக் கொட்டி வாங்கிய அலங்காரம் மட்டுமே. விளிம்பைத் தாண்டி மடிந்து, படியின் முகப்பிலும் ஓர் அங்குலமாவது இறங்குவதாக வாங்குங்கள். வரிகள் விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். அவை ஆழமாக இருந்தால் மணல் தங்கிவிடும், நம் ஊருக்குத் தாழ்ந்த வரியே நல்லது. தடிப்பு மூன்று நான்கு மில்லிமீற்றர் போதும். மெத்தென்று இருக்கிறதே என்று அதிகம் தடித்ததைப் போட்டால் முதற்படியின் உயரமும் கடைசிப் படியின் உயரமும் மற்றப் படிகளிலிருந்து மாறிவிடும். பழகிய கால் அங்கேதான் இடறும்.

படிக்கட்டு வீட்டுக்கு வெளியே, வெயிலில் இருந்தால் சாதாரண இறப்பர் வேண்டாம். வெயிலும் காற்றும் அதை வெடிக்கச் செய்துவிடும். வெளிப்பாவனைக்கென்று தயாரித்த செயற்கை இறப்பரைக் கேட்டு வாங்குங்கள். ஓரத்தில் அலுமினியப் பட்டியடித்து வரும் விரிப்புகளும் உண்டு. அவற்றுக்கு இரும்புத் திருகாணி போட்டால் உப்புக் காற்றில் துருப்பிடித்துப் பட்டி கிளம்பும். கிளம்பிய பட்டியில் அபாயாவின் ஓரம் மாட்டினால், வெறும் படியே மேலென்று ஆகிவிடும்.

ஒட்டும் வேலையைப் பங்குனி வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மாரி மழையும் போயிருக்கும், மணற்காற்றும் தொடங்கியிராது. மேசன் கட்டிய படிகள் ஒன்றைப் போல ஒன்று இருப்பதில்லை. ஒவ்வொரு படிக்கும் பழைய பத்திரிகைத் தாளில் அளவு வெட்டி, இலக்கமிட்டு, அந்தத் தாளை வைத்தே இறப்பரை வெட்டுங்கள். சுருளாக வந்ததென்றால் ஒரு நாள் நிழலில் விரித்துப் போட்டு நிமிர விடுங்கள். சீமெந்துப் படியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவி, சில நாள் நன்றாகக் காய விடவேண்டும். சவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் மறுபடியும் உப்புத்தான் பூக்கும், பசை பிடிக்காது. டைல்ஸானால் உப்புத்தாளால் சுரண்டிப் பளபளப்பைப் போக்க வேண்டும்.

செருப்புத் தைப்பவர்கள் பாவிக்கும் மஞ்சள் பசை இதற்கும் உதவும். படியிலும் இறப்பரின் அடியிலும் மெல்லிதாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து, பிறகு வைத்து அழுத்துங்கள். வைத்த பின் நகர்த்த முடியாது. ஆகவே பின்மூலையைச் சரிபார்த்து வைத்து, ரொட்டி உருட்டும் கட்டையால் முன்விளிம்புவரை உருட்டுங்கள். அந்தப் பசையின் ஆவி இலகுவில் தீப்பிடிக்கும். அடுப்பு, சாம்பிராணித் தட்டு எதுவும் அருகில் இருக்கக்கூடாது, யன்னல்கள் திறந்திருக்கட்டும், பிள்ளைகளை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இன்று ஒன்று விட்டு ஒரு படி, மற்றவை நாளை மறுநாள் என்று ஒட்டினால் மேலே இருப்பவர்களின் போக்குவரத்தும் தடைப்படாது. அந்த நாட்களில் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக நடந்தால் சரி.

கடைசிப் படிக்கு மட்டும் மஞ்சளோ வெள்ளையோ விளிம்பு வருவதாகப் போடுங்கள். பார்வை மங்கியவர்கள் படி முடிந்ததென்று நினைத்து ஒன்றைத் தவறவிடும் இடம் அது. ஒட்டாமல் சும்மா போடும் சாக்கு, தும்புப் பாய், பழந்துணி எதையும் படியில் வைக்காதீர்கள்.

பிறகு செய்யவேண்டியது கொஞ்சம்தான். காற்றுக் காலத்தில் நாளாந்தம் தும்புத்தடியால் வரிகளின் வழியே கூட்டுங்கள். தேங்காயெண்ணெய் சிந்தினால் உடனே சவர்க்கார நீரால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் ஊறினால் இறப்பர் உப்பி மென்மையாகிவிடும். பளிச்சென்று வரட்டுமென்று மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பதும் அதே கேட்டைத்தான் செய்யும். மாதம் ஒருமுறை விளிம்புகளை விரலால் தடவிப் பாருங்கள். எங்காவது மூலை தூக்கியிருந்தால், அன்றைக்கே பசை வைத்து அழுத்திவிடுங்கள்.