வெள்ளியா, வெள்ளையா? பல்லை அடைக்கும் முன் ஒரு நிமிஷம்!

பொங்கல் கழிந்த மறுநாள். எங்கள் செட்டிகுளத்தில் மலைமேல் இருக்கும் தண்டாயுதபாணியே வேலுக்குப் பதில் கரும்பைத்தான் பிடித்திருக்கிறார். வீட்டில் கரும்புக்குக் கேட்க வேண்டுமா? ஒரு துண்டைக் கடித்த என் ஏழு வயது மகள், "ஐயோ, அம்மா!" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வாயைத் திறந்து பார்த்தேன். கீழ் வரிசையின் கடைசிப் பல்லில் கறுப்பாக ஒரு குழி.

"விழுந்து முளைக்கிற பல்லுதானே, விடு" என்றார் அத்தை. சின்ன வெங்காயம் விளைகிற ஊராயிற்றே, ஒன்றை நசுக்கி வைத்தார். கேட்கவில்லை. கிராம்பு வைத்ததும் கொஞ்சம் அடங்கியது. எனக்கும் அத்தை சொன்னதே சரி என்று பட்டது. ஆனால் இரண்டு நாள் கழித்து, பானைத் தண்ணீர் பட்டதற்கே குழந்தை துடித்தாள். கைக்குழந்தையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பெரம்பலூருக்குப் பஸ் ஏறினேன்.

பல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "ஏம்மா, இது பால் பல்லுன்னு யார் சொன்னா? ஆறு வயசுல, பால் பல்லுக்கெல்லாம் பின்னால புதுசா முளைக்கிற கடைவாய்ப் பல் இது. இதுக்காக எந்தப் பல்லும் விழாது. அதனால முளைச்சதே தெரியாது. இது போனா போனதுதான்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்போ வெள்ளியே அடைச்சிடுங்க டாக்டர். எனக்குப் பள்ளிக்கூடத்தில படிக்கும்போது அடைச்சது இன்னும் கல்லாட்டம் இருக்கு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பொறுமையாக விளக்கினார். அன்று தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே.

வெள்ளி அடைப்பு: பெயர்தான் வெள்ளி. எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, தகரம், செம்பு. விலை குறைவு, உழைப்பு அதிகம். ஆனால் பல்லோடு தானாக ஒட்டாது. பிடிப்புக்காக நல்ல பல்லையும் கொஞ்சம் குடைய வேண்டும். பாதரசம் சுற்றுப்புறத்துக்குக் கேடு என்பதால் உலக நாடுகள் 2013-ல் மினமாட்டா உடன்படிக்கை செய்துகொண்டன. 2018-ல் இந்தியாவும் அதை உறுதி செய்தது. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் இந்த அடைப்பைத் தவிர்க்க வேண்டும் என்று 2022-ல் அதில் சேர்த்தார்கள். 2034-க்குள் இதை அடியோடு நிறுத்துவதென 2025-ல் முடிவாகியிருக்கிறது.

சிமெண்ட் அடைப்பு: 'கிளாஸ் அயனோமர்' என்பார்கள். பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும். பல்லுக்கு வலுவூட்டும் ஃப்ளோரைடைச் சிறிது சிறிதாக விடும். எச்சில் ஊறும் பிள்ளை வாய்க்கும், பால் பல்லுக்கும் ஏற்றது. ஆனால் முறுக்கு, கடலை மெல்லும் இடத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

வெள்ளை அடைப்பு: 'காம்போசிட்'. பல்லின் நிறத்திலேயே இருக்கும். அடுக்கடுக்காக வைத்து, நீல வெளிச்சம் காட்டி இறுக வைக்கிறார்கள். பல்லை அதிகம் குடைய வேண்டாம். ஆனால் வைக்கும்போது எச்சில் படக் கூடாது. பட்டால் சரியாக ஒட்டாது. நேரமும் செலவும் கூடுதல்.

என் மகளுக்கு எது? நிலைத்த கடைவாய்ப் பல் என்பதால் வெள்ளைதான் நல்லது என்றார். ஆனால் அவளோ ஒரு நிமிஷம் வாயைத் திறந்து வைக்கவில்லை. எச்சில் வேறு ஊறிக்கொண்டே இருந்தது. "இன்னைக்கு சிமெண்ட் வைக்கிறேன். சொத்தை மேலே பரவாம நிக்கட்டும். கொஞ்சம் பழகினதும் வெள்ளை வைக்கலாம்" என்றார். அப்போதுதான் புரிந்தது: எது உசத்தி என்று கேட்கக் கூடாது; எந்தப் பல்லுக்கு, யார் வாய்க்கு, எந்த வயசுக்கு என்றுதான் கேட்க வேண்டும்.

"அப்போ, பால் கொடுக்கிற நான் என் பழைய வெள்ளியை எடுத்துடணுமா?" என்று பயந்து கேட்டேன். "வேண்டவே வேண்டாம். விரிசல் இல்லாம நல்லா இருக்கிறதைக் குடைஞ்சாத்தான் பாதரச ஆவி கூடுதலா கிளம்பும். அப்படியே விடுங்க" என்றார்.

கிளம்பும்போது அவர் சொன்ன இன்னொன்று: இனிப்போ குளிர்ச்சியோ படும்போது சுருக்கென்று வலித்து உடனே நின்றால் பெரும்பாலும் அடைத்தாலே போதும். ராத்திரியில் தானாக வலித்தாலோ, ஈறு வீங்கினாலோ வெறும் அடைப்பு போதாது. வேர் வைத்தியம் தேவைப்படலாம். கிராம்பு வலியை மறைக்கும், சொத்தையை ஆற்றாது.

உங்கள் வீட்டில் ஆறேழு வயதுப் பிள்ளை இருக்கிறதா? இன்றே டார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பல்லின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். ஐந்து வரை பால் பல்லின் இடம். ஆறாவதாக ஒன்று இருந்தால், அது ஆயுசுக்கும் வேண்டிய பல். அதில் கறுப்புத் தெரிந்தால், அடுத்த பொங்கல் வரை காத்திருக்காதீர்கள்!