கள ஆய்வு வழி உயிரியல் கற்பித்தல்: கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிற்சி

முன்னுரை

கல்லூரி விலங்கியல் செய்முறை வகுப்புகள் நெடுங்காலம் தவளை, கரப்பான்பூச்சி முதலியவற்றை அறுத்துக் காண்பதையே மையமாகக் கொண்டிருந்தன. இவ்வழக்கத்தைப் படிப்படியாகக் கைவிடுவதற்கான வழிகாட்டு நெறிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் வெளியிட்டது. அறுவை நீங்கிய இடத்தை வரைபடங்களும் கணினிக் காட்சிகளும் மட்டுமே நிரப்புமாயின், உயிருள்ள ஒன்றைக் கூர்ந்து நோக்காமலேயே மாணவர் உயிரியலில் பட்டம் பெற நேரும். அவ்விடத்தைக் கள ஆய்வு நிரப்ப இயலும். அதற்கு ஆசிரியர் எவ்வாறு பயிற்றப்பட வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆசிரியரின் தயக்கம்

ஆய்வகச் செய்முறையின் முடிவு ஆசிரியருக்கு முன்னரே தெரியும். களத்திலோ மாணவர் சுட்டிக்காட்டும் பூச்சியின் பெயர்கூட அவருக்குத் தெரியாமற்போகலாம். இந்த அச்சத்தால் கள ஆய்வு பெரும்பாலும் களப்பயணமாகச் சுருங்குகிறது. ஆசிரியர் பெயர்களைக் கூற, மாணவர் குறித்துக்கொள்கின்றனர். பெயர்ப்பட்டியல் பயனுடையதே. எனினும், வினா எழாத இடத்தில் ஆய்வு இல்லை.

எருக்கஞ்செடி: ஓர் எடுத்துக்காட்டு

கள ஆய்வுக்குக் காடு தேவையில்லை. தமிழகத்தின் சாலையோரங்களிலும் தரிசு நிலங்களிலும் எருக்கு இயல்பாக வளர்கிறது. அதன் தண்டில் மஞ்சள் நிற அசுவினிகள் மொய்க்கின்றன. அவற்றைப் பொறிவண்டுகள் உண்கின்றன. வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு அதன் இலையை உண்டு வளர்கிறது. உணவுச் சங்கிலி என்னும் பாடம் முழுவதும் ஒரே செடியில் அமைந்துள்ளது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஊறு விளைக்கும் என்பதால், செடியைத் தொடுவதற்கு முன் மாணவரை எச்சரித்தல் கட்டாயம்.

பயிற்சியின் படிநிலைகள்

முதலாவதாக, பயிற்சிக்கு வரும் ஆசிரியர்கள் மாணவர் நிலையில் அமர்ந்து தாமே வினா எழுப்ப வேண்டும். ‘அசுவினிகள் எங்கு வாழ்கின்றன?’ என்பது பொதுவான வினா. ‘அசுவினிகள் நுனித் தளிரில் மிகுதியா, முதிர்ந்த இலையில் மிகுதியா?’ என்பது எண்ணி விடை காணத்தக்க வினா. முன்னதைப் பின்னதாக மாற்றும் திறனே பயிற்சியின் முதற்பயன்.

இரண்டாவதாக, எண்ணும் முறையை வகுத்தல். எருக்கின் இலைகள் எதிரெதிராக அமைவதால், பத்துச் செடிகளில் மேலிருந்து மூன்று இணைகளையும் கீழிருந்து மூன்று இணைகளையும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே செடியை இரு குழுவினர் தனித்தனியே எண்ணினால் எண்ணிக்கை வேறுபடக்கூடும். இலையின் அடிப்புறத்தையும் பார்த்தார்களா, தோலுரித்த வெற்றுக்கூட்டையும் சேர்த்தார்களா என்னும் விவாதம் அங்கே தொடங்கும். அளவீட்டுப் பிழை என்னும் கருத்தை விரிவுரையைக் காட்டிலும் இவ்விவாதம் ஆழமாகப் பதியச் செய்யும்.

மூன்றாவதாக, செடிகளைத் தேர்ந்தெடுத்த முறையைத் திறனாய்தல். அசுவினி மிகுந்த செடிகளையே கண் நாடியிருப்பின் முடிவு சாய்ந்துவிடும். குலுக்கல் முறைத் தேர்வின் தேவை இங்கே தானாகப் புலப்படும்.

நான்காவதாக, ஒவ்வோர் ஆசிரியரும் தம் கல்லூரி வளாகத்திற்கேற்ற ஒரு பாடத்தை வடிவமைத்து, உடன் பயில்வோர்க்கு நடத்திக் காட்ட வேண்டும். அறுபது மாணவரையும் ஒரு மணி நேர வகுப்பையும் கருத்திற்கொண்டே அவ்வடிவம் அமைய வேண்டும்.

மதிப்பீடு

செய்முறைப் பதிவேட்டில் ‘சரியான’ விடைக்கே மதிப்பெண் வழங்கப்படுமாயின், மாணவர் எண்ணாமலேயே எண்களை எழுதுவர். வினாவின் தெளிவு, பதிவின் நேர்மை, எதிர்பார்ப்புக்கு மாறான முடிவை விளக்கும் முயற்சி ஆகியவற்றுக்கு மதிப்பெண் ஒதுக்குதல் இன்றியமையாதது.

முடிவுரை

1986 தேசியக் கல்விக் கொள்கையையொட்டி உருவான கல்விப் பணியாளர் கல்லூரிகளின் காலந்தொட்டு, கல்லூரி ஆசிரியர்க்குப் புத்தொளிப் பயிற்சிகள் நடைபெறுகின்றன. கள ஆய்வைப் பற்றி அரங்கில் விரிவுரை நிகழ்த்துவதால் மட்டும் கற்பித்தல் மாறாது. ‘எனக்குத் தெரியவில்லை, எண்ணிப் பார்ப்போம்’ என்று மாணவர் முன் தயக்கமின்றிக் கூறும் துணிவை ஆசிரியருக்கு அளிப்பதே இப்பயிற்சியின் உண்மையான நோக்கமாகும்.