பதினான்கு குழியும் ஒரு கணினியும்

பல்லாங்குழி இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் விளையாட்டு. ஆளுக்கு ஏழு குழி, மொத்தம் பதினான்கு. பலகை இல்லாத பிள்ளைகள் மண்ணில் குழி பறித்துக்கொள்வார்கள். சோழி இல்லாவிட்டால் புளியங்கொட்டை போதும். ஒரு குழியில் இருப்பதை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவதுதான் ஆட்டம். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இதற்கு உறவான ஆட்டங்கள் ஏராளம். இந்தக் குடும்பம் முழுவதற்கும் ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் மன்காலா. கணினி தொடக்க காலத்திலேயே ஆடக் கற்றுக்கொண்ட வியூக ஆட்டங்களில் இதுவும் ஒன்று.

ஆப்பிரிக்கக் குழி ஆட்டங்களைப் பின்பற்றி 1940-இல் அமெரிக்காவில் வில்லியம் ஜூலியஸ் சாம்பியன் ‘கலா’ என்ற ஆட்டத்தை உருவாக்கினார். அதை ஆடும் கணினி நிரலைப் பற்றி 1964-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ரஸ்ஸல் ஓர் அறிக்கை எழுதினார். சாதாரண மக்களிடம் இந்த ஆட்டத்தைக் கொண்டுசேர்த்தது டேவிட் ஆல் தொகுத்த ‘பேசிக் கம்ப்யூட்டர் கேம்ஸ்’ என்ற புத்தகம். அதன் 1978-ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘அவாரி’ என்ற நிரல் இருக்கிறது; எழுதியவர் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த ஜெஃப் வைவில். அச்சில் இருக்கும் நிரலை வாசகர்கள் வரிவரியாகத் தட்டச்சு செய்து ஆடிய காலம் அது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இன்று பழைய சாமானாகக் கிடக்கும் மானிட்டர்கூட அன்று பலருக்கு வாய்க்கவில்லை. காகிதத்தில் அச்சிடும் டெலிடைப் எந்திரத்திலும் இந்த ஆட்டங்கள் ஆடப்பட்டன.

அவாரியில் படம் கிடையாது. குழிகளுக்குப் பதில் இரண்டு வரிசை எண்கள். ஆளுக்கு ஆறு குழி, குழிக்கு மூன்று முத்து, ஓரத்தில் ஆளுக்கொரு வீடு. நான்காம் குழியில் இருக்கும் மூன்று முத்துகளை எடுத்தால், ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று, வீட்டில் ஒன்று விழும். கடைசி முத்து சொந்த வீட்டில் விழுந்ததால் இன்னொரு முறை ஆடலாம். இப்போது முதல் குழியை எடுத்தால், கடைசி முத்து சற்றுமுன் காலியான நான்காம் குழியில் விழும். காலிக் குழியில் விழுந்தால் அந்த முத்தும் எதிர்க்குழியின் மூன்றும் வீட்டுக்கு வந்துசேரும். மொத்தமுள்ள 36 முத்துகளில் ஐந்து முதல் வாய்ப்பிலேயே கைக்கு வந்துவிடும்.

கணினி தன் முறையில் ஒவ்வொரு குழியையும் மனக்கணக்காக ஆடிப் பார்க்கும். அதற்கு எதிராளி என்ன செய்யக்கூடும் என்று ஒரு படி தள்ளியும் பார்க்கும். அத்துடன், தோற்ற ஆட்டத்தின் நகர்வுகளைக் குறித்துவைத்துக்கொண்டு, அடுத்த ஆட்டத்தில் அதே வழியில் போகத் தயங்கும். ஆட ஆடத் தேறிவரும் எந்திரம் என்ற எண்ணத்தைச் சிறுவர்கள் அந்தச் சின்ன நிரலில் நேரில் கண்டார்கள். நிரலை நிறுத்தினால் கற்றதெல்லாம் நினைவிலிருந்து போய்விடும்.

அதே பெயருள்ள மரபான அவாரியில் 48 முத்துகள் உண்டு. 2002-இல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ரோமைன், ஹென்றி பால் இருவரும் அதன் சுமார் 88,906 கோடி நிலைகளையும் கணினியால் கணக்கிட்டார்கள். இருவரும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் சமனில் முடியும் என்பது அதில் கிடைத்த விடை.

நம் பல்லாங்குழி இன்னும் சிக்கலானது. கையில் இருப்பது தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால்தான் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது ‘பசு’. குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார். குழிக்கு ஐந்து வீதம் 70 முத்துகளுடன் முதல் குழியில் தொடங்கினால், அடுத்து ஏழு, பதின்மூன்று, ஐந்து, பன்னிரண்டு என்று கை போய்க்கொண்டே இருக்கும். ஐந்து முறை அள்ளி 27 முத்துகளைப் போட்ட பிறகு, காலியான ஐந்தாம் குழி எதிர்ப்படும். ஆறாம் குழியின் ஏழு முத்துகள் கிடைக்கும். எல்லாக் குழியும் சமமாக இருப்பதால் எங்கே தொடங்கினாலும் முதல் வருமானம் ஏழுதான். ஊருக்கு ஊர் விதி மாறும். எதிர்க்குழியையும் சேர்த்து எடுப்பது உண்டு, எடுத்த பின்னும் தொடர்ந்து ஆடுவது உண்டு. கை நடக்கும் முன்பே கண்ணால் எண்ணிவிடும் பாட்டிமார், கணினி செய்த அதே முன்கணக்கைத்தான் செய்தார்கள்.

நிரலாக எழுத இதைவிடப் பொருத்தமான விளையாட்டு கிடைப்பது அரிது. பதினான்கு எண்கள் கொண்ட ஒரு பட்டியல், கை தீரும்வரை சுற்றும் ஒரு வளையம், காலிக் குழியைப் பார்க்கும் ஒரு நிபந்தனை, அடிப்படை அவ்வளவுதான். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணினி அறிவியல் மாணவர்கள் பைத்தான் படிக்கிறார்கள். தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் அந்தப் பாடம் படிக்கும் பிள்ளைகள் முதலில் பாட்டியோடு உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடட்டும். தங்கள் வீட்டு விதியைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதையே நிரலாக்கிப் பார்க்கட்டும்.