உங்களுக்குத் தெரியுமா? 171-ஆவது ஆளாக வந்தவர்

பக்கத்து ஊர் ஹாக்கி

திருவேங்கடத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கோவில்பட்டி வந்துவிடும். தீப்பெட்டி ஊர், கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் என்று நமக்குத் தெரியும். ஹாக்கிக்காரர்களைக் கேட்டால், இந்திய அணிக்கு ஆள் கொடுத்த ஊர் என்பார்கள். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆடிய இந்திய அணியில் தமிழ்நாட்டு இளைஞர்கள் இருவர் இருந்தார்கள். எஸ்.மாரீஸ்வரன் கோவில்பட்டிப் பிள்ளை. எஸ்.கார்த்தி அரியலூர்க்காரர், ஆனால் ஆட்டம் தேறியது கோவில்பட்டி விளையாட்டு விடுதியில். இருவருமே எளிய குடும்பத்துப் பையன்கள்.

அந்தப் போட்டிக்கு மூத்த வீரர்கள் பலர் போகவில்லை. அதனால்தான் புதுமுகங்களுக்கு இடம் கிடைத்தது. கிடைத்த இடத்தைக் கார்த்தி எப்படிப் பயன்படுத்தினார் தெரியுமா? முதல் ஆட்டமே பாகிஸ்தானுடன். முதல் கால்பகுதி முடிவதற்குள் கோல் போட்டுவிட்டார். ஆட்டம் 1-1 எனச் சமனில் முடிந்தது. இந்தியா அந்தக் கோப்பையில் வெண்கலம் வென்று திரும்பியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையிலும் அவர் ஆடினார். இறுதி ஆட்டத்தில் மலேசியாவை 4-3 என்று வென்று கோப்பையை எடுத்தது இந்தியா.

பனியிலும் இதே கதை

அமெரிக்கா, கனடா நாடுகளின் தேசிய ஹாக்கி லீக், அதாவது என்.எச்.எல்., பனித்தரையில் ஆடப்படுவது. நம் ஐ.பி.எல். போல அங்கே ஏலம் கிடையாது. 18 வயதை எட்டிய உலகத்துப் பையன்களை அணிகள் வரிசைப்படி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். கடந்த பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கே முதல் வாய்ப்புகள் பெரும்பாலும் போகும். இப்போது 32 அணிகள், 7 சுற்றுகள். பெயர் சொன்னவுடன் பையன் வந்து சேர்ந்துவிட மாட்டான். இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து வைப்பதுபோல, அவனை ஒப்பந்தம் செய்யும் உரிமை மட்டும் அந்த அணிக்குச் சேரும்.

பார்க்கப் போனது ஒருவரை

1998 டிராஃப்டில் 170 பேரை எடுத்து முடித்த பிறகு, 171-ஆவதாக டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி சொன்ன பெயர் பாவெல் தாட்சுக். ரஷ்யாவின் யெகாத்தரின்பர்க் நகரத்துப் பையன். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் தகுதி இருந்தும் ஒரு அணிகூட அவரைத் தொடவில்லை. உடம்பு சிறியது, ஆடிய அணியும் பெரிய பெயர் இல்லாதது.

டெட்ராய்டுக்காக ஐரோப்பாவில் ஆள் தேடிக்கொண்டிருந்தவர் ஹோகன் ஆண்டர்சன் என்ற ஸ்வீடன்காரர். அவர் ரஷ்யாவுக்குப் போனது திமித்ரி கலினின் என்ற தற்காப்பு வீரரைப் பார்க்க. அதே ஆட்டத்தில் எல்லோரையும்விடச் சின்னதாக இருந்த ஒரு பையன் பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டை, யாராலும் பறிக்க முடியாதபடி வைத்துக்கொண்டிருந்தான். ஆண்டர்சனின் பார்வை அவன் பக்கம் திரும்பிவிட்டது. கலினின் அந்த ஆண்டு 18-ஆவது ஆளாக வேறு அணிக்குப் போனார். தாட்சுக் 2002, 2008 என இரண்டு முறை என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை வென்றார். தற்காப்பிலும் சிறந்த முன்வரிசை வீரருக்கான விருதைத் தொடர்ந்து மூன்று முறை பெற்றார். 2024-இல் ஹாக்கிப் புகழ்மண்டபத்தில் இடம் பெற்றார்.

அடுத்த ஆண்டே ஆண்டர்சனின் தேடலில் டெட்ராய்டுக்குக் கிடைத்த இன்னொருவர் ஸ்வீடனின் ஹென்ரிக் செட்டர்பெர்க், 210-ஆவது ஆள். 2008 கோப்பைப் போட்டியின் சிறந்த வீரர் அவர்தான். அதிர்ஷ்டம் என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மற்றவர்கள் போகாத ஊருக்குப் போனவருக்கு மற்றவர்கள் பார்க்காதது கிடைத்தது.

விடமாட்டார்கள் என்ற பயம்

ரஷ்யர்களை ஏன் இப்படிப் பின்னுக்குத் தள்ளினார்கள்? சோவியத் காலத்தில் காரணம் வெளிப்படை. நாட்டை விட்டு வெளியே விடமாட்டார்கள், பிறகு எதற்கு ஒரு வாய்ப்பை வீணாக்குவது என்று அணிகள் நினைத்தன. 1989-இல் டெட்ராய்ட் துணிந்து செர்கெய் ஃபெடரோவை 74-ஆவதாகவும், விளாதிமிர் கான்ஸ்டன்டினோவை 221-ஆவதாகவும் எடுத்தது. ஃபெடரோவ் மறு ஆண்டு அமெரிக்காவுக்கு ஆட வந்த இடத்தில் சோவியத் அணியை விட்டு வெளியேறி டெட்ராய்டில் சேர்ந்தார். 1994-இல் லீகின் மதிப்புமிக்க வீரர் விருது அவருக்கு.

அதே 1989-இல் பாவெல் பூரே 113-ஆவது ஆள். போதுமான ஆட்டங்கள் ஆடவில்லை, அதனால் அவரை எடுக்கவே முடியாது என்று மற்ற அணிகள் நம்பியிருந்தன. வான்கூவர் அணி எடுத்தது. பெரிய சர்ச்சை கிளம்பியது. கடைசியில் ஆட்டக் கணக்கைத் தோண்டி எடுத்துக் காட்டி உரிமையைத் தக்கவைத்தது.

சோவியத் போன பிறகும் தயக்கம் தீரவில்லை. ரஷ்ய அணிகளோடு பையன்களுக்கு நீண்ட ஒப்பந்தங்கள் இருக்கும், எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது. 2023-இல் மத்வேய் மிச்கோவுக்கு 2026 வரை ரஷ்யாவில் ஒப்பந்தம் இருந்தது. அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஓரிருவரில் ஒருவர் என்று பலர் மதிப்பிட்டவர், 7-ஆவது இடத்தில்தான் போனார்.

அப்படித் தள்ளப்பட்டவர்களின் விலை

கிரில் கப்ரிசோவ் 2015-இல் 135-ஆவது ஆள். 2018 குளிர்கால ஒலிம்பிக் இறுதியில், கூடுதல் நேரத்தில் ஜெர்மனிக்கு எதிராக வெற்றி கோல் அடித்தவர் அவர். 2025-இல் மினசோட்டா அணியோடு அவர் போட்ட ஒப்பந்தம் 8 ஆண்டுகளுக்கு 13.6 கோடி டாலர். லீகின் வரலாற்றில் அவ்வளவு பெரிய ஒப்பந்தம் அதற்கு முன் இல்லை. ஆர்ட்டெமி பனாரினையும் கோல்கீப்பர் செர்கெய் போப்ரோவ்ஸ்கியையும் எந்தச் சுற்றிலும் யாரும் எடுக்கவே இல்லை. போப்ரோவ்ஸ்கி 2024, 2025 இரண்டு ஆண்டும் ஸ்டான்லி கோப்பை வென்ற அணியின் கோல்கீப்பர்.

நம் நாட்டு ஏலம்

2017-க்குப் பிறகு நின்றுபோன ஹாக்கி இந்தியா லீக் மறுபடி தொடங்கியபோது, 2024 அக்டோபரில் டெல்லியில் ஏலம் நடந்தது. அடிப்படை விலை 2, 5, 10 லட்சம் என மூன்று படிகள். அதிக விலைக்குப் போனவர் அப்போதைய இந்திய கேப்டன் ஹர்மன்பிரீத் சிங், 78 லட்சம். கார்த்தியைத் தமிழ்நாடு டிராகன்ஸ் எடுத்தது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது விலைப்பட்டியல் அல்ல, ஒரு விதி. அந்த ஏலத்தில் ஆண்கள் அணி ஒவ்வொன்றிலும் 24 பேர், அதில் இந்தியர் 16 பேர், அந்த 16-இல் குறைந்தது 4 பேர் ஜூனியர்களாக இருந்தே ஆக வேண்டியிருந்தது. கட்டாயம் இருந்தால்தான் அணிக்காரர்கள் ஜூனியர் ஆட்டம் பார்க்கப் போவார்கள்.

கிரிக்கெட்டில் இது நமக்குப் பழகிய காட்சி. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்த சின்னப்பம்பட்டி நடராஜன் 3 கோடிக்குப் போனார். அவரை அணிகளின் கண்ணில் படவைத்த டி.என்.பி.எல்., அதாவது தமிழ்நாடு பிரீமியர் லீக், அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்தது.

கரிசலில் பழகிய மணிக்கட்டு

கரிசல் மண்ணில் பந்து நேராக வராது. வெயிலில் வெடித்த விரிசலில் இடறி ஒரு துள்ளல், பொடிக்கல்லில் பட்டு ஒரு திரும்பல். கடைசி நேரத்தில் மட்டையைச் சாய்த்து அதை நிறுத்தப் பிள்ளைகளின் மணிக்கட்டு தானாகப் பழகிவிடும். தண்ணீர் தெளித்த செயற்கைத் தரையில் பந்து தரையோடு தரையாக, கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். அங்கே இடுப்பை நன்றாக வளைத்து, மட்டையைப் படுக்கவைத்து ஆட வேண்டும். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரை வந்தபோது இந்திய அணியே 7-ஆவது இடத்துக்குப் போனது. அப்படியிருக்க, மண்ணில் மட்டுமே ஆடிய 13 வயதுப் பிள்ளையைத் தேர்வுப் போட்டியில் செயற்கைத் தரையில் ஒரே நாள் ஓடவிட்டுக் கழித்துவிடுவது அநியாயம். குறைந்தது சில நாட்கள் பழகவிட்டுப் பார்க்க வேண்டும்.

உடைந்த மட்டை

புனே அருகே கட்கியில், ராணுவத் தளவாடத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரித்த தமிழர் ஒருவரின் மகன் உடைந்த மட்டைகளை ஒட்டி ஆடிப் பழகினார். தன்ராஜ் பிள்ளைதான் அவர். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை. 1998-இல் அவர் தலைமையில்தான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய ஆண்கள் ஹாக்கி அணி 32 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் வென்றது.

கோடையில் கவனியுங்கள்

கோவில்பட்டி கிருஷ்ணா நகர் செயற்கைத் தரை மைதானத்தில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கும். நாட்டின் பெரிய துறை அணிகள் வந்து ஆடும். பிள்ளைகளை ஒரு சாயங்காலம் அழைத்துப்போய்க் காட்டலாம்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தன் விடுதிகளுக்கு 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேரும் மாணவர்களைத் தேர்வுப் போட்டி வைத்து எடுக்கிறது. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே. அறிவிப்பு வழக்கமாகக் கோடை விடுமுறையை ஒட்டி வரும், விண்ணப்பம் இணையத்தில். பள்ளி மூடியிருக்கும் நேரம் என்பதால் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் செய்தி போய்ச் சேராமல் போகலாம். 6-ஆம் வகுப்பு முடிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஏப்ரல் கடைசி வேலை நாளிலேயே பி.டி. வாத்தியாரைப் பார்த்துப் பெயரைச் சொல்லி வையுங்கள்.