பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடாதீர்கள்!

பொதுக் கிணற்றில் குடம் இறக்குவது போல ஒரு வசதி

காஞ்சீபுரத்தை ஒட்டி, பாலாற்றங்கரையில் உள்ள ஊர், செவிலிமேடு. அங்கே "சாலைக் கிணறு" என்று ஒரு கிணறு உண்டு. ராமானுஜர் இளம் வயதில் தினமும் அந்தக் கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் போய், வரதராஜப் பெருமாளுக்குக் கொடுத்தார் என்று சொல்வார்கள்.

கிணறு ஒன்று, குடங்கள் பல. "நீ பழைய குடமா, புதுக் குடமா?" என்று கிணறு கேட்பது இல்லை. ஓட்டை இல்லாமல் இருந்தால் போதும்!

கம்ப்யூட்டரிலும் இப்படி ஒரு வசதி இருக்கிறது. அதன் பெயர், "நெட்வொர்க் பைல் சிஸ்டம்." சுருக்கமாக, "என்.எப்.எஸ்."

பட்டு நெய்கிற ஊருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது. அது இன்று நேற்று வந்தது அல்ல.

தறி தந்த அட்டை

பிரான்சு நாட்டில் லியோன் என்ற பட்டு நகரம் இருக்கிறது. அங்கே வாழ்ந்த ஜக்கார்டு என்பவர் 1804-ம் ஆண்டில் ஒரு தறிக் கருவியைச் செய்து முடித்தார். அட்டையில் துளை இருந்தால், கொக்கி பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாவிட்டால், நூல் அப்படியே கிடக்கும். துளைகளை மாற்றினால், பூவும் மாறும்!

இந்தத் துளை அட்டை யோசனை, பிற்பாடு அமெரிக்காவில் பயன்பட்டது. 1890-ல் ஹாலரித் என்பவர் இப்படிப்பட்ட அட்டைகளை வைத்தே ஜனத்தொகைக் கணக்கு எடுக்க உதவினார். கம்ப்யூட்டர் வந்த பிறகும், பல ஆண்டுகள் அட்டையில் துளை போட்டுத்தான் அதற்குக் கட்டளை கொடுத்தார்கள்.

தறி கொடுத்த கடனை, கம்ப்யூட்டர் இப்போது திருப்பிக் கொடுக்கிறது! முன்பு, கட்டம் போட்ட தாளில் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டிப் பூவும் மயிலும் வரைந்தார்கள். இன்று அந்த வேலையைக் கம்ப்யூட்டரிலும் செய்கிறார்கள்.

எந்த மயில் சரியான மயில்?

ஒரு டிசைன் கூடத்தில் 3 கம்ப்யூட்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று புதிது. இரண்டு பழையவை. முந்தானை ஒன்றில் இருக்கிறது. கரை இன்னொன்றில் இருக்கிறது. அங்கும் இங்கும் பென்டிரைவில் எடுத்துப் போகிறார்கள்.

மயிலின் கழுத்தை நேற்று ஒருவர் திருத்தினார். திருத்திய படம் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது? யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. பழைய படத்தை வைத்து அட்டை அடித்துவிட்டால், அத்தனை அட்டையும் வீண். தறிக்கே போய்விட்டால்? பல நாள் உழைப்பும், பட்டும், ஜரிகையும் வீண்!

எல்லாப் படங்களும் ஒரே இடத்தில் இருந்தால், இந்தத் தொல்லை இல்லை. ஒரு கம்ப்யூட்டர் கிணறாக இருக்கும். அதற்கு "சர்வர்" என்று பெயர். மற்றவை குடங்கள். அவற்றுக்குக் "கிளையண்ட்" என்று பெயர். சர்வரில் உள்ள படம், கிளையண்டில் சொந்தப் படம் போலவே தெரியும்.

வந்த கதை

அமெரிக்காவில் 1982-ல் "சன் மைக்ரோசிஸ்டம்ஸ்" என்ற கம்பெனி தோன்றியது. அதைத் தொடங்கிய நால்வரில் ஒருவர், இந்தியாவில் பிறந்த வினோத் கோஸ்லா. அந்தக் கம்பெனிதான் 1984-ல் என்.எப்.எஸ். முறையை உருவாக்கியது.

இந்த முறை இப்படித்தான் வேலை செய்கிறது என்று சன் கம்பெனி ஊரறியச் சொன்னது. அதனால், மற்ற கம்பெனிகளும் அதைப் பின்பற்றின. 1995-ல் மூன்றாம் பதிப்பும், 2000-ல் நான்காம் பதிப்பும் வந்தன. 2010-ல் சன் கம்பெனியை ஆரக்கிள் வாங்கிவிட்டது. கம்பெனி போனது, முறை வாழ்கிறது!

பழைய கம்ப்யூட்டரில் அமைப்பது எப்படி?

முதலில், கடிகாரத்தைப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டரின் உள்ளே, காசு அளவில் ஒரு பாட்டரி இருக்கும். அது தீர்ந்து போனால், தேதி தவறும். தேதி தவறினால், எது புதுப் படம், எது பழைய படம் என்ற குழப்பம் வரும். விலை அதிகம் இல்லை. மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, உள்ளே இருப்பது விண்டோஸா, லினக்ஸா என்று பாருங்கள். விண்டோஸ் 7 என்றால், "அல்டிமேட்", "எண்டர்பிரைஸ்" ஆகிய வகைகளில் மட்டுமே என்.எப்.எஸ். கிளையண்ட் உண்டு. கண்ட்ரோல் பேனலில் அதை இயக்க வேண்டும். மற்ற வகைகளில் தேடிப் பயன் இல்லை.

டிசைன் வரைகிற சாப்ட்வேர் விண்டோஸில் மட்டும் ஓடுமானால், அதை விட முடியாது. அப்படி இல்லை என்றால், லினக்ஸ் நல்லது. அது இலவசம். 32 பிட் கம்ப்யூட்டருக்கு, 2023-ல் வந்த டெபியன் 12 பொருந்தும். அடுத்து 2025-ல் வந்த டெபியன் 13-ஐ அதில் நேரடியாக நிறுவ முடியாது. இதைக் கவனியுங்கள்.

மூன்றாவது, டெபியனில் "என்.எப்.எஸ். காமன்" என்ற தொகுப்பை நிறுவுங்கள். இதுதான் குடமும் கயிறும்.

நான்காவது, ஒரு காலிப் பெட்டி, அதாவது "போல்டர்" உண்டாக்குங்கள். சர்வரின் எண் முகவரியையும், சர்வரில் படங்கள் உள்ள இடத்தையும் சொல்லி, "மவுண்ட்" என்ற கட்டளை கொடுங்கள். காலிப் பெட்டியில் படங்கள் எல்லாம் வந்து நிற்கும்! சர்வரின் எண் முகவரி மாறாதபடி, நிலையாக வைத்துவிடுங்கள்.

பழைய கம்ப்யூட்டருக்கு நான்காம் பதிப்பு புரியாமல் போகலாம். அப்போது, "மூன்றாம் பதிப்பில் பேசு" என்று கட்டளையிலேயே குறிப்பிடலாம். சர்வரும் அதற்குச் சம்மதித்திருக்க வேண்டும்.

பெயர் அல்ல, எண்!

இங்கேதான் பலர் திகைத்துப் போவார்கள். படம் தெரியும்; திருத்தினால், "அனுமதி இல்லை" என்று வரும்.

என்ன காரணம்? சாதாரண அமைப்பில் என்.எப்.எஸ். ஆளைப் பெயரால் அறிவது இல்லை, எண்ணால் அறிகிறது. ஒரே ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டரில் 1000, மற்றதில் 1001 என்று இருந்தால், அது இரண்டு ஆள் என்று நினைத்துக்கொள்ளும். எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒருவருக்கு ஒரே எண்ணைக் கொடுங்கள். சிக்கல் தீரும்.

இன்னொரு தொல்லை. காலையில் சர்வரைப் போடாமல் கிளையண்டைப் போட்டால், அது காத்துக்கொண்டே நிற்கும். பழுதாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். தானாக மவுண்ட் ஆகும்படி எழுதி வைக்கும்போது, "நோபெயில்" என்ற சொல்லையும் சேர்த்தால், சர்வர் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் எழுந்து கொள்ளும்.

கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர்

சாதாரண என்.எப்.எஸ். முறையில், படங்கள் பூட்டுப் போடாமல் கம்பியில் போகின்றன. ஆகையால், அதை இன்டர்நெட்டில் திறந்து விடக்கூடாது. கூடத்துக்குள் மட்டும் இருக்கட்டும். எந்தெந்தக் கம்ப்யூட்டர் வரலாம் என்று சர்வரில் எழுதி வையுங்கள்.

விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ந் தேதியோடு நின்றுவிட்டன. அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் இணைப்பே வேண்டாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. ஒரே கிணற்றை நம்பினால், அது வற்றும் நாளில் எல்லோருக்கும் தாகம்தான்! சர்வரின் தட்டு கெட்டால், தலைமுறையாகச் சேர்த்த டிசைன்கள் அத்தனையும் போய்விடும். வாரம் ஒருமுறை வேறொரு தட்டில் நகல் எடுத்து, வேறு வீட்டில் வையுங்கள்.

பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டால், கிடைப்பது சில நூறு ரூபாய். கூடத்தில் வைத்துக்கொண்டால், இன்னொருவர் உட்கார்ந்து பூ வரைய ஓர் இடம் கிடைக்கும். அவர் வரைகிற பூவும் ஒருநாள் யாரோ ஒரு மணமகளின் சேலையில் சிரிக்கும்!